திரையில் நம் முகம், சாவி யார் கையில்? ராபர்ட் ஜான்சனும் பி.இ.டி. தொலைக்காட்சியும்



ஒரு வன்கொடுமை நடக்கிறது. நாம் ஓடிப்போய்ப் பார்க்கிறோம், எழுதுகிறோம், மறியல் செய்கிறோம். இரவு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் எந்தச் சேனலிலும் அது இல்லை. அப்போது நம்மில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "நமக்குன்னு ஒரு டிவி இருந்தா இப்படி ஆகுமா?"

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அப்படி ஒரு தொலைக்காட்சி உண்மையிலேயே கிடைத்தது. கறுப்பர் ஒருவர் தொடங்கினார், கறுப்பர்களே நடத்தினார்கள், கறுப்பர்களே பார்த்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அது 300 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. எப்படிக் கிடைத்தது, எப்படிக் கைமாறியது என்பதை இளைய தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிவிக்கு முன்னால்

சொந்த ஊடகம் வேண்டும் என்ற ஏக்கம் அங்கே கேபிளோடு பிறந்ததல்ல. 1827-லேயே நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் என்ற இரண்டு கறுப்பர்கள் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' என்ற வார இதழைத் தொடங்கினார்கள். தெற்கில் அடிமை முறை கோலோச்சிய காலம் அது. எங்களைப் பற்றி மற்றவர்கள் பேசியது போதும், இனி நாங்களே பேசுகிறோம் என்பதுதான் அந்த இதழ் பிறந்த காரணம்.

அச்சுக்கு ஒரு சின்ன இயந்திரமும் கொஞ்சம் காகிதமும் போதும். வானொலி, தொலைக்காட்சி அப்படியல்ல. அலைவரிசைக்கு அரசின் உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும், கோடிக்கணக்கில் பணம் வேண்டும். இந்த மூன்றும் வெள்ளையர் கையில் இருந்தன. 1967-ல் நெவார்க், டெட்ராய்ட் நகரங்கள் பற்றி எரிந்தபின் அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968-ல் அறிக்கை கொடுத்தது. அதில் ஊடகத்துக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. அமெரிக்கப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் வெள்ளையரின் கண்ணால் மட்டுமே உலகத்தைப் பார்க்கின்றன, கறுப்பர்களைப் பணியில் அமர்த்துவதில் மிகவும் பின்தங்கியிருக்கின்றன என்று அரசு ஆணையமே சொன்னது.

1975-ல் டெட்ராய்ட்டில் டபிள்யூ.ஜி.பி.ஆர். என்ற நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. அமெரிக்க நிலப்பரப்பில் கறுப்பர்களுக்குச் சொந்தமான முதல் தொலைக்காட்சி நிலையம் அதுதான். வில்லியம் பேங்க்ஸ் என்ற வழக்கறிஞர் தலைமையிலான ஒரு கறுப்பர் சகோதரச் சங்கம் அதை நடத்தியது. 1978-ல் அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கணக்கெடுத்தபோது, நாட்டில் இருந்த சுமார் 8,500 வணிக வானொலி, தொலைக்காட்சி நிலையங்களில் சிறுபான்மையினருக்குச் சொந்தமானவை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த ஆண்டுதான் ஆணையம் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது: நிலையத்தைச் சிறுபான்மையினருக்கு விற்பவருக்கு வரிச் சலுகை. வேலையில் மட்டுமல்ல, உடைமையிலும் பங்கு வேண்டும் என்ற போராட்டத்தின் பலன் அது.

இந்தக் காற்று வீசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ராபர்ட் ஜான்சன் வருகிறார்.

மிசிசிப்பியிலிருந்து வாஷிங்டனுக்கு

ராபர்ட் எல். ஜான்சன் 1946-ல் மிசிசிப்பி மாநிலத்தில் ஹிக்கரி என்ற சிற்றூரில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. லட்சக்கணக்கான கறுப்பர்களைப் போலவே அவருடைய குடும்பமும் தெற்கை விட்டு வடக்கே போய், இல்லினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் குடியேறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஆண்டு 1968. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே ஆண்டுதான். பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1972-ல் முதுகலை. குடிமை உரிமைப் போராட்டம் உடைத்துத் திறந்த கதவுகள் வழியாக உள்ளே நுழைந்த தலைமுறை அது.

வாஷிங்டனில் பொது ஒலிபரப்புக் கழகத்தில் வேலை. அடுத்து வால்டர் ஃபான்ட்ராய்க்குப் பத்திரிகைச் செயலாளர். ஃபான்ட்ராய் கிங்கோடு களத்தில் நின்றவர், அப்போது வாஷிங்டன் நகரத்தின் நாடாளுமன்றப் பிரதிநிதி. 1976-ல் ஜான்சன் கேபிள் நிறுவனங்களின் சங்கத்தில் சேர்கிறார். நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்துப் பேசி, கேபிள் தொழிலுக்குச் சாதகமான சட்டங்களுக்கு ஆதரவு திரட்டுவது அவர் வேலை. எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கற்றுக்கொண்டது இங்கேதான்.

தொலைக்காட்சி யோசனை பிறந்த கதையை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். முதியோருக்கென்று ஒரு கேபிள் சேனல் தொடங்க நினைத்த ஒருவர் தம் திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாட்டில் முதியோர் இத்தனை பேர், அவர்கள் திரையில் சரியாகக் காட்டப்படுவதில்லை, தனித்த ரசனை உள்ளவர்கள், வாங்கும் சக்தி உள்ளவர்கள் என்பது அவர் வாதம். ஜான்சனுக்குப் பொறி தட்டியது. 'முதியோர்' என்ற இடத்தில் 'கறுப்பர்' என்று போட்டால் ஒவ்வொரு வரியும் பொருந்துகிறதே!

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1827-ல் இதழ் தொடங்கியவர்களுக்குக் கறுப்பர்கள் உரிமை கேட்கும் மக்கள். இந்தத் திட்டத் தாளில் அவர்கள் ஒரு சந்தை. இரண்டும் ஒரே மக்கள்தான். ஆனால் எந்தப் பெயரில் கூப்பிடுகிறோம் என்பதில்தான் பின்னால் வரப்போகும் எல்லாமே அடங்கியிருந்தது.

முதல் பணம்

வங்கியில் 15,000 டாலர் கடன். அது போதாது. ஜான்சன் கேபிள் சங்கத்தில் தமக்கு அறிமுகமான ஜான் மலோனிடம் போனார். மலோன் அப்போது டி.சி.ஐ. என்ற பெரிய கேபிள் நிறுவனத்தின் தலைவர், வெள்ளையர். அவர் 5 லட்சம் டாலர் கொடுத்தார். ஒரு பகுதி பங்கு முதலீடு, மீதி கடன். நிறுவனத்தின் கட்டுப்பாடு ஜான்சன் கையிலேயே இருந்தது.

மலோன் எதற்காகக் கொடுத்தார்? இதைப் புரிந்துகொள்ளாமல் பி.இ.டி.யைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கேபிள் என்பது பெரும்பாலும் சிற்றூர்களிலும் புறநகர்களிலும்தான் இருந்தது. பெருநகரங்களுக்குள் நுழைய வேண்டுமானால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். 1970-களில் டெட்ராய்ட், அட்லாண்டா, வாஷிங்டன் போன்ற பெருநகரங்களில் கறுப்பர்கள் வாக்குப் பலத்தால் மேயர்களாகவும் மன்ற உறுப்பினர்களாகவும் வந்துவிட்டார்கள். கேபிள் முதலாளி அவர்கள் முன் நிற்கும்போது, "எங்கள் மக்களுக்கு உன் கம்பியில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலாக ஒரு கறுப்பர் சேனல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஆக, பி.இ.டி.யின் உண்மையான மூலதனம் மலோனின் 5 லட்சம் டாலர் மட்டுமல்ல. தெருவில் அடிபட்டு வாக்குரிமை வாங்கி, நகர மன்றங்களைப் பிடித்த மக்களின் அரசியல் பலமும் அதில் இருந்தது. அந்தப் பலத்துக்குப் பங்குப் பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி நேரம்

1980 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை இரவு 11 மணி. பிளாக் என்டர்டெயின்மென்ட் டெலிவிஷன், சுருக்கமாகப் பி.இ.டி., ஒளிபரப்பைத் தொடங்கியது. முழு நேரச் சேனல் அல்ல. இன்னொரு நெட்வொர்க்கிடம் கடன் வாங்கிய நேரத்தில் வாரத்துக்கு இரண்டே மணி நேரம். முதலில் காட்டியது 'எ விசிட் டு எ சீஃப்ஸ் சன்' என்ற படம். ஜான்சனின் மனைவி ஷீலா ஜான்சனும் நிறுவனர்களில் ஒருவர். 1982-ல் டாஃப்ட் நிறுவனமும், 1984-ல் எச்.பி.ஓ.வும் முதலீடு செய்தன. அந்த 1984-ல்தான் பி.இ.டி. 24 மணி நேரச் சேனல் ஆனது.

என்ன காட்டுவது? இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. கேபிள் நிறுவனங்கள் ஒரு சந்தாதாரருக்கு மாதம் சில காசுகள்தான் பி.இ.டி.க்குக் கொடுத்தன. விளம்பரதாரர்களோ கறுப்புப் பார்வையாளர்களுக்கு மட்டமான விலை வைத்தார்கள். எஃப்.சி.சி. 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கறுப்பர் வானொலிகளில் விளம்பரமே தராதே என்று சில நிறுவனங்கள் முகவர்களுக்குச் சொல்லிவைத்திருந்ததை வெளியே கொண்டுவந்தது. கேட்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் கறுப்பர் என்றால் காசு குறைவு. 1999-லேயே இந்த நிலை என்றால் 1980-களை நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் மலிவாக, முடிந்தால் இலவசமாகக் கிடைக்கும் நிகழ்ச்சி வேண்டும். பாட்டு வீடியோக்கள் அப்படிக் கிடைத்தன. இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனைக்காகத் தாங்களே எடுத்துத் தாங்களே கொடுத்தன. 1981-ல் தொடங்கிய எம்.டி.வி. கறுப்புக் கலைஞர்களை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்திருந்தது. ரிக் ஜேம்ஸ் என்ற கறுப்புப் பாடகர் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். 1983-ல் மைக்கேல் ஜாக்சன் வந்தபின்தான் அந்தக் கதவு அசைந்தது. எம்.டி.வி. வேண்டாம் என்ற கலைஞர்களுக்கு இடம் கொடுத்தது பி.இ.டி. டானி சிம்ப்ஸன் தொகுத்து வழங்கிய 'வீடியோ சோல்' ஒரு தலைமுறையின் மாலைப் பொழுது ஆனது.

தீண்டாமை ஒரு பக்கம் விளம்பரக் காசைக் குறைத்தது, மறுபக்கம் கலைஞர்களைப் பி.இ.டி.யின் வாசலுக்கு அனுப்பியது. பி.இ.டி. ஒரு பாட்டுச் சேனல் ஆனதற்கு ஜான்சனின் ரசனை மட்டும் காரணமல்ல. இதைச் சொல்லாமல் அவரைத் திட்டுவது எளிது, ஆனால் நேர்மையல்ல.

செய்த நல்லதும் செய்யாததும்

பாட்டோடு வேறு சிலவும் இருந்தன. ஷீலா ஜான்சன் உருவாக்கிய 'டீன் சம்மிட்' இளைஞர்கள் எய்ட்ஸ், போதை, வன்முறை பற்றி வெளிப்படையாகப் பேசிய நிகழ்ச்சி. 'லீட் ஸ்டோரி'யில் கறுப்புப் பத்திரிகையாளர்கள் அரசியல் விவாதித்தார்கள். 1996 ஜனவரியில், விடுதலைக்குப் பின் ஓ.ஜே. சிம்ப்ஸனின் முதல் தொலைக்காட்சிப் பேட்டியை எடுத்தவர் பி.இ.டி.யின் எட் கார்டன்தான். பெரிய நெட்வொர்க்குகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தன. கேமராவுக்குப் பின்னால் வேலை கற்றுக்கொண்ட கறுப்பு இளைஞர்கள் ஏராளம்.

ஜான்சனின் நிறுவனத்திடம் 'எமர்ஜ்' என்ற மாத இதழும் இருந்தது. ஜார்ஜ் கர்ரி அதன் ஆசிரியர். கெம்பா ஸ்மித் என்ற கல்லூரி மாணவி, காதலனின் போதை வணிகத்தில் சிக்கி, முதல் குற்றத்துக்கே இருபத்து நான்கரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றிருந்தார். 1996-ல் 'எமர்ஜ்' அவருடைய கதையை அட்டைப் படத்தோடு வெளியிட்டது. கறுப்பர்களைக் குறிவைத்த போதைச் சட்டங்களின் கொடுமை அந்த ஒரு முகத்தில் தெரிந்தது. குடிமை உரிமை வழக்கறிஞர்கள் வழக்கைக் கையில் எடுத்தார்கள். 2000 டிசம்பரில் அதிபர் கிளின்டன் தண்டனையைக் குறைத்து அவரை விடுவித்தார். அந்தச் செய்தியை எழுத 'எமர்ஜ்' இல்லை. அதே ஆண்டின் நடுவிலேயே லாபம் இல்லை என்று இதழ் நிறுத்தப்பட்டிருந்தது.

நகைச்சுவைக் கலைஞர்களுக்குப் பெரிய மேடை கொடுத்த 'காமிக்வியூ'வும் அப்படித்தான். மேடை கொடுத்தது, கூலியைக் குறைத்தது. 1999-ல் கலைஞர்களின் தொழிற்சங்கம் பி.இ.டி.க்கு எதிராகப் பொதுவெளியில் போராட வேண்டியிருந்தது. முதலாளி நம் ஆள் என்பதால் கூலி தானாக உயராது.

விமர்சனம் வந்தபோதெல்லாம் ஜான்சனின் பதில் ஒன்றுதான்: பெயரில் இருப்பது 'என்டர்டெயின்மென்ட்'. கறுப்பர்களின் எல்லாப் பிரச்சினைகளையும் ஒரு கேபிள் சேனல் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் தொழில் நடத்துகிறேன்.

விற்பனை

தொழில் நன்றாகவே நடந்தது. 1991-ல் பி.இ.டி. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. கறுப்பர் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு நிறுவனம் அங்கே நுழைந்தது அதுவே முதல் முறை. 1998-ல் ஜான்சன் மலோன் தரப்போடு சேர்ந்து பங்குகளைத் திரும்ப வாங்கி அதை மீண்டும் தனியார் நிறுவனம் ஆக்கினார். 2000 நவம்பரில் வயாகாம் நிறுவனத்துக்கு விற்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. விலை, கடனையும் சேர்த்துச் சுமார் 300 கோடி டாலர். அமெரிக்காவின் முதல் கறுப்பு பில்லியனர் ஆனார் ஜான்சன்.

வயாகாமின் பெயரை முன்பே கேட்டவர்கள் உண்டு. 1978-ன் வரிச் சலுகையை அமெரிக்க நாடாளுமன்றம் 1995-ல் ரத்து செய்ததே, அதற்குச் சாக்காக அமைந்தது வயாகாமின் ஒரு பேரம்தான். தன் கேபிள் அமைப்புகளை ஒரு கறுப்புத் தொழில்முனைவோரின் குழுவுக்கு விற்று அந்தச் சலுகையைப் பெற அது முயன்றது. பேரம் முறிந்தது, கொள்கையும் ஒழிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கறுப்பர்களின் மிகப் பெரிய சேனல் அதே வயாகாமின் கைக்குப் போனது.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். 2001-ல் 'பி.இ.டி. டுநைட்' விவாத நிகழ்ச்சியின் டாவிஸ் ஸ்மைலி நீக்கப்பட்டார். தாம் எடுத்த ஒரு பேட்டியை, வயாகாமுக்குச் சொந்தமான சி.பி.எஸ்.ஸின் போட்டி நிறுவனத்துக்கு அவர் கொடுத்திருந்தார். மக்கள் கொதித்தார்கள், தொலைபேசியில் அழைத்துக் கத்தினார்கள். ஆனால் அவர்கள் பார்வையாளர்கள், பங்குதாரர்கள் அல்ல. 2002 டிசம்பரில் 'பி.இ.டி. டுநைட்', 'லீட் ஸ்டோரி', 'டீன் சம்மிட்' மூன்றும் ஒன்றாக நிறுத்தப்பட்டன. கறுப்பர் சேனலில் அரசியல் பேச அன்றாட இடமே இல்லாமல் போனது. நள்ளிரவுக்குப் பின் 'அன்கட்' என்ற பெயரில் பெண்களை வெறும் உடலாகக் காட்டும் வீடியோக்கள் மட்டும் 2006 வரை ஓடின.

இதே 2001-ல் ஜான்சன் இன்னொன்றும் செய்தார். பெருஞ்சொத்துக்களின் மேல் விதிக்கப்படும் வாரிசு வரியை ஒழிக்க வேண்டும் என்று கறுப்புத் தொழிலதிபர்களைத் திரட்டிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். கறுப்பர்கள் இப்போதுதான் சொத்து சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், அடுத்த தலைமுறைக்குப் போகும் முன் அதைப் பிடுங்காதீர்கள் என்பது வாதம். அந்த வரி கட்டும் அளவுக்குச் சொத்துள்ள கறுப்புக் குடும்பங்கள் மிக மிகச் சில. ஒரு சிலரின் நலனை ஒரு சமூகத்தின் நலனாகப் பேசும் கலையை நாம் இங்கேயும் பார்த்திருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்கள்

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2004-ல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில், கறுப்புப் பெண்கள் படிக்கும் கல்லூரி அது, மாணவிகள் எழுந்தார்கள். நெல்லி என்ற ராப் பாடகர் எலும்பு மஜ்ஜை தான முகாமுக்காக அங்கே வருவதாக இருந்தார். 'அன்கட்' வரிசையில் ஓடிய அவருடைய ஒரு வீடியோவைப் பற்றி எங்களுக்கு முதலில் பதில் சொல்லுங்கள் என்றார்கள் மாணவிகள். அவருடைய வருகை ரத்தானது. 2007-ல் போதகர் டெல்மன் கோட்ஸ் தலைமையில் மக்கள் வாரா வாரம் பி.இ.டி. தலைவர் டெப்ரா லீயின் வீட்டு முன் நின்றார்கள்.

டெப்ரா லீ 1986-ல் சட்ட ஆலோசகராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, ஜான்சனுக்குப் பின் தலைமைக்கு வந்த கறுப்புப் பெண். அவர் காலத்தில் சொந்தமாகத் தொடர்கள் எடுக்கப்பட்டன. வேறொரு சேனல் கைவிட்ட 'தி கேம்' தொடரைப் பி.இ.டி. எடுத்து 2011-ல் ஒளிபரப்பியபோது முதல் நாளே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். கறுப்பர்கள் பாட்டு மட்டும்தான் கேட்பார்கள் என்ற கணக்கு பொய்யானது. மக்களின் அழுத்தம் வீண்போகவில்லை. ஆனால் ஒன்று: அவர்கள் வாசலில் நின்றுதான் கேட்க முடிந்தது. உள்ளே அவர்களுக்கு இருக்கை இல்லை.

சங்கம் நடத்தியிருந்தால்?

தனி மனிதர் கையில் இருந்ததுதான் தவறு, சங்கம் நடத்தியிருந்தால் விற்றிருக்காது என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். டெட்ராய்ட்டின் டபிள்யூ.ஜி.பி.ஆர். ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது என்று பார்த்தோம். வருமானம் இல்லாமல் இருபது ஆண்டுகள் திணறி, 1990-களின் நடுவில் அதுவும் சி.பி.எஸ்.ஸிடம் விற்கப்பட்டது. 2023-ல் பி.இ.டி.யின் பெரும்பங்கை விற்கப்போவதாகப் பேச்சு வந்தபோது டைலர் பெரி, பைரன் ஆலன் போன்ற கறுப்புச் செல்வந்தர்கள் வாங்க முன்வந்தார்கள். கடைசியில் விற்பனையே நடக்கவில்லை.

அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அம்பேத்கர் படிப்பைத் தொடர லண்டன் போனார். பணமும் இல்லை, நடத்த ஆளும் இல்லை. 1923-ல் இதழ் நின்றது. பிறகு அவர் 'பகிஷ்கிருத் பாரத்', 'ஜனதா' என்று மீண்டும் மீண்டும் தொடங்கினார். 1946-ல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதியதும் நமக்குத் தெரியும். இரு மக்களின் அனுபவமும் ஒன்றையொன்று பார்த்துக் கற்க வேண்டியவை என்பது அவருக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்திருந்தது.

'மூக்நாயக்'கை யாரும் விலைக்கு வாங்கவில்லை, அது பட்டினியில் செத்தது. பி.இ.டி. பட்டினி கிடக்கவில்லை, அது விலை போனது. நம் ஊடகங்களுக்கு முன்னால் இந்த இரண்டு பள்ளங்களும் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒதுங்கினால் மற்றதில் விழுகிறோம்.

இன்று யூடியூப் சேனல் தொடங்கப் பத்தாயிரம் ரூபாய்க் கேமராவே போதும். நம் பிள்ளைகள் தொடங்குகிறார்கள், தொடங்கட்டும். ஆனால் தொடங்கும் அன்றே மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவு எங்கிருந்து வரும்? வேலை செய்பவருக்குக் கூலி என்ன? இதை விற்கவோ மூடவோ வேண்டிய நாள் வந்தால் யாரைக் கேட்டு முடிவு செய்வோம்?

ஜான்சன் சட்டப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் அவர் கேட்கவில்லை. அந்த மக்கள் விழித்துப் பார்த்தபோது, அவர்கள் முகம் திரையில் இருந்தது, சாவி வேறு கையில் இருந்தது.